வழியில் எந்தக் கடையில் நிறுத்துவது? அமெரிக்கச் சிற்றூர்களில் பழைய வீடியோ கேம் தேடல்

காலை எட்டு மணிக்கு வண்டியை எடுத்து மாலைக்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டிய பயணத்தில், கடை பார்க்க மிஞ்சுவது இரண்டு மணி நேரம்தான். நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் ஒரு த்ரிஃப்ட் கடையை உருப்படியாகப் பார்க்க இருபது நிமிடம் ஆகும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஊருக்குள் போய், மறுபடி ஏறி வர இன்னும் பதினைந்து நிமிடம். ஆக ஒரு நாளைக்கு மூன்று கடை, மிஞ்சிப்போனால் நான்கு. பழைய கேம் தேடுபவர்கள் விலையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பயணத்தில் அதைவிடப் பெரிய செலவு நேரம். எந்தக் கடை மலிவு என்பதோடு, அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு எந்தக் கடை தகும் என்றும் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயர் சொல்லி ஒரு கேம்தான் வேண்டும் என்றால் பழைய கேம் விற்கும் தனிக் கடைக்குப் போங்கள். கன்சோல், அதாவது கேமை ஓட்டும் கருவி, வேண்டும் என்றால் அடகுக் கடை. எது கிடைத்தாலும் சரி, மலிவாக இருக்க வேண்டும் என்றால் சர்ச்சோ மருத்துவமனைத் தொண்டர் குழுவோ நடத்தும் சின்னக் கடை. எல்லோரும் முதலில் நினைக்கும் குட்வில் என்ற பெரிய த்ரிஃப்ட் கடை எங்கள் வரிசையில் நான்காவதுதான்.

சின்னக் கடை

ஊர் மெயின் ஸ்ட்ரீட்டில், முன்பு மளிகைக் கடையாகவோ வங்கியாகவோ இருந்த கட்டடத்தில், ஓய்வுபெற்றவர்கள் தொண்டாக நடத்தும் கடைகளைச் சொல்கிறோம். அந்த ஊர்க்காரர்கள் வீட்டைக் காலி செய்யும்போது பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொடுப்பதுதான் அங்கே சரக்கு. விலை போடுபவருக்குத் துணியும் பாத்திரமும் அத்துப்படி. கேம் என்றால் "டிவிடி மாதிரி ஏதோ" என்று டிவிடி விலையே ஒட்டிவிடுவார். இணையத்தில் ஏலம் விட இவர்களிடம் ஆள் கிடையாது. வந்த பொருள் வந்தபடியே அலமாரிக்குப் போகிறது. இந்தக் கடைகளின் பலம் அதுதான்.

பலவீனம் நேரம். வாரத்தில் மூன்று நான்கு நாள், காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்று திறக்கும் கடைகள் நிறைய உண்டு. ஞாயிறு பெரும்பாலும் பூட்டுதான், திங்களும் பல இடங்களில் விடுமுறை. வரைபடச் செயலியில் காட்டும் நேரத்தை நம்பி இருபது மைல் விலகிப் போகாதீர்கள். புறப்படும் முன் ஒரு போன் போட்டு, "இன்று திறந்திருக்கிறீர்களா, வீடியோ கேம் ஏதாவது இருக்கிறதா" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பல கடைகளில் கார்டு எடுக்க மாட்டார்கள் என்பதால் ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டாகக் கையில் வைத்திருப்பது நல்லது.

உள்ளே போனதும் "வீடியோ கேம் எங்கே" என்று தேடினால் ஏமாற்றம்தான். அப்படி ஒரு பகுதியே இருக்காது. பொருளின் வடிவத்தை வைத்துத் தேட வேண்டும், ஏனென்றால் அடுக்குபவர்கள் வடிவத்தை வைத்துத்தான் அடுக்குகிறார்கள். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப், வீ ஆகிய கன்சோல்களின் கேம் டப்பாக்கள் டிவிடி டப்பா அளவுதான் இருக்கும். அதனால் டிவிடி வரிசையில் படங்களுக்கு நடுவே நிற்கும். படத்தின் பெயரைப் படிக்காமல் முதுகுப் பட்டையின் உச்சியை மட்டும் பார்த்துக்கொண்டே நகர்ந்தால் முந்நூறு டப்பாவை நான்கு நிமிடத்தில் பார்த்துவிடலாம். முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க் பாட்டு சிடிகளோடு கிடக்கும். சேகா ஜெனிசிஸ் கேசட்டின் பிளாஸ்டிக் பெட்டி கனமாக, புத்தகம் போல் இருப்பதால் விஎச்எஸ் டேப் பக்கம் போய்விடும். கேம் பாய் கேசட் பொம்மைப் பகுதியில், பிளாஸ்டிக் பையில் முடிந்து ஆணியில் தொங்கும் கலவைப் பொருட்களுக்குள் இருக்கும். அந்தப் பைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வயர்களைக் கொட்டி வைத்திருக்கும் கூடையையும் கிளறாமல் வரக்கூடாது. கன்சோல் ஒரு மூலையிலும் அதன் அடாப்டர் இந்தக் கூடையிலுமாகப் பிரிந்து கிடப்பது வழக்கம்.

குட்வில்

1902இல் பாஸ்டனில் தொடங்கிய அமைப்பு. ஒரே பெயர்ப்பலகை என்றாலும் ஒரே நிர்வாகம் கிடையாது. வட்டாரத்துக்கு ஒன்றாகத் தனித்தனி அமைப்புகள் நடத்துகின்றன. அதனால்தான் ஒரு மாவட்டத்தில் எல்லா கேமுக்கும் ஒரே விலை, பக்கத்து மாவட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் இணைய விலை பார்த்து ஸ்டிக்கர் என்று இருக்கும்.

1999இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி குட்வில் ஓர் ஏல இணையதளம் தொடங்கியது. இன்று பல வட்டாரங்கள் அதில் விற்கின்றன. நன்கொடையாக வந்த பெட்டியில் நின்டெண்டோ கேசட் தெரிந்தால், அது கடை அலமாரிக்கு வராமலே ஏலத்துக்குப் போய்விட நல்ல வாய்ப்பு உண்டு. தப்பி வந்தவையும் கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். ஆகவே குட்வில்லில் அலமாரியைத் துழாவ ஐந்து நிமிடம் போதும். நேரே கண்ணாடிப் பெட்டி, பிறகு டிவிடி வரிசை, பிறகு வயர் கூடை, அவ்வளவுதான். விலைச்சீட்டின் நிறத்தைக் கவனியுங்கள். வாரம் ஒரு நிறத்துக்குத் தள்ளுபடி தரும் வட்டாரங்கள் பல, எந்த நிறம் என்று வாசலிலேயே எழுதியிருப்பார்கள். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் கடைகளிலும் இதே நிற வழக்கம் உண்டு. அவை பெரும்பாலும் ஞாயிறு திறப்பதில்லை.

குட்வில் அவுட்லெட் வேறு வகை. விற்காத சரக்கைப் பெரிய நீலத் தொட்டிகளில் கொட்டி எடைக்கு விற்கும் இடம். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்கத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள். டிஸ்க் எல்லாம் கீறல் விழுந்து வரும் இடம் அது. பயணத்துக்கு ஏற்றதில்லை.

அடகுக் கடை

இங்கே விலை தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அடிமாட்டு விலைக்கு எதுவும் கிடைக்காது. ஆனாலும் கன்சோல் வாங்க இதுதான் சரியான இடம். கடையிலேயே டிவி இருக்கும், "போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். த்ரிஃப்ட் கடையில் சுவர் பிளக்கில் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடும். டிஸ்க் சுழல்கிறதா, கன்ட்ரோலர் இணைகிறதா என்றெல்லாம் அங்கே தெரியாது.

நின்டெண்டோ ஸ்விட்ச் வாங்கினால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கடையில் நின்றபடியே இணையத்தோடு இணைத்து நின்டெண்டோ ஈஷாப் என்ற இணையக் கடையைத் திறக்கச் சொல்லுங்கள். 2124-4007 என்ற எண் வந்தால் அந்தக் கருவி நின்டெண்டோவால் தடை செய்யப்பட்டது. கேசட் ஓடும், ஆன்லைன் எதுவும் ஓடாது, சரிசெய்யவும் வழியில்லை. இந்த ஒரு சோதனைக்காகவே ஸ்விட்ச்சை வேறெங்கும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம் என்கிறோம்.

பேரம் இங்கே சகஜம். ஒரு டிஸ்க்குக்குப் பேசினால் அசைய மாட்டார்கள். பத்து டிஸ்க்கை அடுக்கிக் கல்லாவில் வைத்து, கையில் பணத்தோடு ஒரு மொத்த விலை கேட்டால் இறங்குவார்கள். டிஸ்க் கேம்கள் அவர்களுக்கு இடத்தை அடைக்கும் சரக்கு, போனால் போதும் என்றிருப்பார்கள்.

கேம் கடையும் முற்றச் சந்தையும்

பழைய கேம் கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சந்தை விலைதான் கேட்பார்கள். பதிலுக்கு, சோதித்த பொருளும் சில நாள் மாற்றிக்கொள்ளும் வசதியும் கிடைக்கும். போலி வாங்கி ஏமாறும் பயமும் குறைவு. பல கடைகளில் கீறிய டிஸ்க்கைச் சில டாலருக்கு மெஷினில் தேய்த்துத் தருவார்கள். பயணத்தில் மற்ற இடங்களில் வாங்கிய கீறல் டிஸ்க்குகளைச் சேர்த்துக் கடைசி நாளில் இங்கே கொடுப்பது நல்ல ஏற்பாடு.

வீட்டு முற்ற விற்பனை, வெள்ளி சனி காலையில் கண்ணில் பட்டால் நிறுத்தலாம், தேடிப் போகக் கூடாது. விதிவிலக்காக, தேதி பார்த்துப் பயணத்தையே அதற்காக அமைக்கத் தகுந்தவை இரண்டு. ஒன்று, 1987இல் தொடங்கிய நெடுஞ்சாலை 127 விற்பனை. ஆகஸ்டின் முதல் வியாழன் முதல் ஞாயிறு வரை, மிச்சிகனின் ஆடிசனிலிருந்து அலபாமாவின் கேட்ஸ்டன் வரை ஆறு மாநிலங்களில் 690 மைல். முழுவதையும் நான்கு நாளில் முடிக்க நினைக்காதீர்கள். போக்குவரத்து ஊர்ந்துதான் போகும். அறுபது எழுபது மைல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, வியாழன் காலையிலேயே தொடங்குங்கள். நல்லவை முதல் நாளே போய்விடும். ஞாயிறு மதியம் விலை சரியும், அப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கால்பந்து, கூடைப்பந்து போன்ற கேம்கள்தான். மற்றொன்று டெக்சஸின் கேன்டன் சந்தை, மாதத்தின் முதல் திங்களுக்கு முந்தைய வியாழன் முதல் ஞாயிறு வரை.

எதை எடுப்பது: கேசட்டா, டிஸ்க்கா?

கடையில் சோதிக்க முடியாத நிலையில் கேசட் பாதுகாப்பான பந்தயம். ஓடாத கேசட்டில் பெரும்பாலானவற்றுக்குப் பின்களில் படிந்த அழுக்குதான் காரணம். பார்மசியில் விற்கும் 91 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, பஞ்சு கருப்பாக வருவது நிற்கும்வரை துடைத்தால் ஓடும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். விளையாடிய இடத்தை நினைவில் வைக்கும் சேமிப்பு பேட்டரி தீர்ந்திருந்தால் அதையும் மாற்றலாம். நெஸ் (நின்டெண்டோவின் பழைய கன்சோல்), சூப்பர் நின்டெண்டோ கேசட்டுகளில் இருப்பது சி.ஆர் 2032 வகை பேட்டரி. பழைய நின்டெண்டோ கேசட்டைத் திறக்க 3.8 மிமீ கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், கேம் பாய் அட்வான்ஸுக்கு மூன்று கால் ஸ்க்ரூடிரைவர். பேட்டரி பற்றவைத்திருக்கும் என்பதால் சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும்.

கேசட்டின் ஆபத்து போலி. அதுவும் கேம் பாய் அட்வான்ஸ் போகிமான் என்றால் கவனமாகப் பார்த்தே தீர வேண்டும். கேசட்டைக் கையில் எடுத்து லேபிளைச் சாய்த்துப் பிடியுங்கள். அசலில் லேபிளின் வலப்பக்கம் இரண்டு இலக்க எண் ஒன்று அச்சிடப்படாமல், அழுத்தப் பதிந்திருக்கும். நேரே பார்த்தால் தெரியாது, சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். அடுத்து அடிப்பக்கத் திறப்புக்குள் டார்ச் அடியுங்கள். பின்களுக்குச் சற்று மேலே பச்சைப் பலகையில் நின்டெண்டோ என்ற எழுத்து தெரிய வேண்டும். போகிமான் கேம்களில் ரூபி, சபையர், எமரால்டு மூன்றும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் வந்தவை. ஃபயர்ரெட், லீஃப்கிரீன் ஊடுருவாதவை. போட்டு ஓட்டும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தால் அசல் என்று சிலர் சொல்வார்கள். போலியிலும் அது வரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1எம் சப்-சர்க்யூட் போர்டு இல்லை என்று எழுத்து வந்தால் மட்டும் உடனே சந்தேகப்படலாம். அசல் ரூபி, சபையர், எமரால்டில் பேட்டரி தீர்ந்தாலும் சேமிப்பு நிற்கும், கடிகாரம் மட்டும்தான் நிற்கும். பழைய கோல்டு, சில்வரில் சேமிப்பே போய்விடும். பிறகு வந்த நின்டெண்டோ டிஎஸ் காலத்து ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் கருப்புக் கேசட்டை வலுவான வெளிச்சத்தில் பிடித்தால் அடர் சிவப்பாக ஒளி கசியும். கசியாத சாம்பல் நிறமாக இருந்தால் வைத்துவிடுங்கள். பையில் ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி இருந்தால் கேம் பாய் வரிசை மூன்று தலைமுறையையும் கல்லா அருகிலேயே ஓட்டிப் பார்க்கலாம். சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள்.

டிஸ்க் என்றால் முதலில் டப்பாவைத் திறங்கள். காலியாகவோ வேறு டிஸ்க்கோடோ இருப்பது த்ரிஃப்ட் கடையில் அன்றாடம். பிறகு கீறல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சிடியில் தகவல் படலம் லேபிளுக்கு நேர் அடியில் இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன், அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகள் எல்லாம் இந்த வகை. இவற்றின் மேல்பக்கம் உரிந்திருந்தால் போனது போனதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளையாகத் தெரியும். டிவிடியில் படலம் நடுவில் இருப்பதால் லேபிள் கீறல் அத்தனை பயமில்லை, அடிப்பக்கத்துக் கீறலைத் தேய்த்து எடுக்கலாம். ப்ளூ-ரே டிஸ்க்கில், அதாவது பிளேஸ்டேஷன் 3 முதல், படலம் அடிப்பரப்பிலிருந்து 0.1 மிமீ ஆழத்தில்தான் இருக்கிறது. மேலே கடினப் பூச்சு இருப்பதால் லேசில் கீறாது, ஆழமாகக் கீறினால் தேய்த்தும் பயனில்லை. எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கில் காம்பஸ் வைத்து வரைந்தது போல முழு வட்டக் கீறல் இருந்தால் டிஸ்க் சுழலும்போது கருவியை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு டாலருக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

விலை தெரிய ப்ரைஸ்சார்ட்டிங் என்ற இணையதளத்தில் கேம் மட்டும், பெட்டியோடு, புதிது என்ற மூன்று விலையில் உங்கள் கையில் இருப்பதற்கு உரியதைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள், கேட்கும் விலைக்கு அர்த்தமில்லை. ஆண்டு எண் போட்டு வந்த மேடன், ஃபிஃபா, என்பிஏ போன்ற பந்தாட்ட கேம்களை விளையாட வேண்டும் என்றால் தவிர எடுக்காதீர்கள்.

கன்சோலில் மூன்றே அடையாளம் மனதில் இருந்தால் போதும். வீ கருவியைச் செங்குத்தாக நிறுத்தினால் மேல்பக்க மூடிக்கு அடியில் நான்கு வட்டச் செருகிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் கேம்கியூப் டிஸ்க்கும் ஓடும். பிளேஸ்டேஷன் 3 முகப்பில் யூஎஸ்பி துளை நான்கு இருந்தால் பிளேஸ்டேஷன் 2 கேமும் ஓடும் பழைய மாடல், இரண்டு இருந்தால் ஓடாது. நின்டெண்டோ 64 முன்பக்கச் சிறு மூடியைத் திறந்தால் சிவப்பு முகப்புள்ள துண்டு தெரிகிறதா? அது எக்ஸ்பான்ஷன் பேக் என்ற கூடுதல் நினைவகம். டாங்கி காங் 64 கேம் அது இல்லாமல் ஓடாது, தனியாக வாங்கினாலே நல்ல விலை. அந்தக் குழி முற்றிலும் காலியாக இருந்தால் கருவியே ஓடாது. கிட்டார் ஹீரோ கேமுக்கான கிட்டார்களில் பிளேஸ்டேஷன் 3 வகைக்கு, கன்சோலில் செருகும் யூஎஸ்பி டாங்கிள் இல்லாவிட்டால் பயனில்லை. வீ ரிமோட்டை உள்ளே செருகும் கிட்டாருக்கு டாங்கிள் தேவையில்லை, தயங்காமல் எடுக்கலாம். எதை எடுத்தாலும் பேட்டரி அறையைத் திறந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடாப்டரில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க நெஸ் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருவது, முதல் மாடல் ஜெனிசிஸுக்கு வேண்டியது 9 வோல்ட் டிசி. முனை ஒரே மாதிரி நுழையும். சேகா அடாப்டரில் நெஸ் ஓடும், நெஸ் அடாப்டரைச் சேகாவில் போட்டால் சேகா கெட்டுப்போகும்.

ஊருக்கு எடுத்துப் போகும் எண்ணம் இருந்தால் தேர்வு இன்னும் சுருங்குகிறது. வீ அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும், 230இல் செருகினால் எரிந்துவிடும். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கும் 3டிஎஸ் கேசட்டும் வேறு நாட்டுக் கருவியில் ஓடாது. கேம் பாய் அட்வான்ஸ், ஸ்விட்ச் கேசட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சிறுவயதில் தமிழ்நாட்டில் டிவியோடு இணைத்து விளையாடிய கேசட் கருவி இன்னும் வீட்டில் இருக்கிறது என்று நெஸ் கேசட் வாங்கிவிடாதீர்கள். அது 60 பின் ஜப்பானிய வகை, அமெரிக்க நெஸ் 72 பின், அளவே வேறு.

ஒரு நாள் பாதை

டென்னசியின் கிராஸ்வில்லில் காலை தொடங்கி அலபாமா நோக்கி இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 127இல் பைக்வில், டன்லப் என்று சிற்றூர்கள் வரிசையாக வரும். சின்னக் கடைகளை மதியத்துக்குள் இங்கேயே முடியுங்கள். டன்லப்பிலிருந்து 127 மலையேறி சட்டனூகா போகிறது. அந்தப் பக்கம் கிழக்கு நேர மண்டலம், போனதும் ஒரு மணி நேரம் பறிபோகும், நான்கு மணிக்கு மூடும் கடை உங்கள் கணக்கில் மூன்றுக்கே மூடியிருக்கும். கேம் கடை ஒன்றைக் குறிவைத்திருந்தால் மட்டும் மலையேறுங்கள். இல்லையென்றால் பள்ளத்தாக்கிலேயே 28ஆம் சாலையில் ஜாஸ்பர் இறங்கி, 72ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ வரை ஒரே நேர மண்டலம்தான். விமானங்களில் கேட்பாரற்றுப்போன பெட்டிகளை வாங்கி விற்கும் அன்கிளெய்ம்டு பேகேஜ் கடை 1970 முதல் அங்கே இருக்கிறது. கையடக்கக் கருவிகளும் ஹெட்போனும் பார்க்க நல்ல இடம், விலை ஒன்றும் அடிமட்டம் இல்லை, ஞாயிறு விடுமுறை. உள்ளே போகும்முன், அதுவரை வாங்கியதைப் பின் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்து இருக்கைக்குக் கீழே நிழலில் வையுங்கள். ஆகஸ்ட் வெயிலில் பூட்டிய காரில் டிஸ்க் வளைய அதிக நேரம் ஆகாது.